மினியேச்சர் பெட்டி: பிடி பேஸில் இருக்கட்டும்

கேள்வி: 28 மி.மீ. அளவில் நாற்பதுக்கு மேல் மினியேச்சர்கள், அதாவது பெயின்ட் அடித்த சிறு உருவப் பொம்மைகள் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பிளாஸ்டிக், சில மட்டும் உலோகம். ஷூ பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துப்போகிறேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு ஈட்டி முறிகிறது, பெயின்ட் உரிகிறது. கடையில் கிடைக்கும் ஃபோம் பெட்டிகளின் விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்தப் பஞ்சைத் தூக்கிப் போடுங்கள். ஈட்டி முனையிலும் விரலிடுக்கிலும் அதன் இழை சிக்கிக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் முறிவுகளில் பாதி, பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும்போது நடப்பதாகத்தான் இருக்கும். குமிழ் உறையும் வேண்டாம். வார்னிஷ் சரியாகக் காயாத பொம்மையில் குமிழ்த் தடம் பதிந்துவிடும்.

பெயின்ட் அடித்த உருவத்தை எதுவுமே தொடாமல், பேஸை, அதாவது அது நிற்கும் அடித்தட்டை மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கு மலிவான வழி காந்தம். பேஸுக்கு அடியில் சிறு நியோடிமியம் காந்தம், பெட்டியின் தரையில் இரும்புத் தகடு, அவ்வளவுதான். பழைய பிஸ்கட் டின் இருந்தால் தகடுகூடத் தேவையில்லை, டின்னே தகடு. உள் உயரம் மட்டும் உங்களிடம் உள்ள மிக உயரமான ஈட்டியைவிட ஒரு விரல் அளவு கூடுதலாக இருக்கட்டும்.

தகடு வாங்கும்போது கையில் ஒரு காந்தத்தோடு போங்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. பாத்திரங்களுக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பல வகைகளில் ஒட்டாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு போதும். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும், அரத்தால் ராவி டேப் ஒட்டிவிடுங்கள்.

சாதாரண பிளாஸ்டிக் பேஸுக்கு 5 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. கனமும் உள்ள காந்தம் ஒன்று போதும். உலோகப் பொம்மைக்கு இரண்டு அல்லது மூன்று வையுங்கள். பலர் கோட்டை விடுவது ஒட்டும் விதத்தில்தான். பேஸின் குழிக்குள் உட்கூரையில் காந்தத்தை ஒட்டினால் தகட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழும், 1 மி.மீ. இடைவெளிகூடப் பிடிப்பை வெகுவாகக் குறைத்துவிடும். அதனால் தகட்டின்மேல் ஒரு மெல்லிய பாலிதீன் உறையை விரித்து, அதன்மேல் காந்தத்தை வையுங்கள். பேஸின் குழியில் கொஞ்சம் எப்பாக்ஸி புட்டியை (இரண்டு பகுதிகளைப் பிசைந்தால் இறுகும் களிம்பு) அடைத்து, காந்தத்தின்மேல் கவிழ்க்காமல் நேராக வைத்து, விளிம்பு தகட்டில் படியும்வரை அழுத்துங்கள். இறுகிய பிறகு காந்தம் விளிம்போடு சரிமட்டமாக நிற்கும். எப்பாக்ஸி பாலிதீனில் ஒட்டாது என்பதால் உறை தானாகக் கழன்றுவரும். சூப்பர் க்ளூவும் பிடிக்கும், ஆனால் அதிர்ச்சி தாங்காது. கொஞ்ச நாளில் காந்தம் தகட்டிலும் பொம்மை உங்கள் கையிலுமாக நிற்கும்.

பெட்டி பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். அது பாலிப்ரொப்பிலீன், பாலிதீனைப் போலவே சாதாரணப் பசை எதற்கும் பிடிகொடுக்காது. தகட்டை ஒட்டப் பார்க்காதீர்கள். நான்கு மூலையிலும் துளையிட்டு, தலை தட்டையான போல்ட் போட்டு முடுக்குங்கள்.

காந்தத்தை நேராக இழுத்துப் பிரிப்பதைவிடப் பக்கவாட்டில் நகர்த்துவது மிக எளிது. அதனால் பெட்டியைச் செங்குத்தாகத் தூக்கிப்போனால் கனமான பொம்மைகள் மெல்லச் சறுக்கும். படுக்கைவாட்டில் தூக்குங்கள், வரிசைகளுக்கு நடுவே உயரம் குறைந்த அட்டைத் தடுப்பு வையுங்கள். வெளியே எடுக்கும்போதும் தலையைப் பிடித்து இழுக்க வேண்டாம், கணுக்கால் முறியும். பேஸைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்தால் சுலபமாக விடும்.

றெக்கை விரித்த டிராகன் போல மேல்பாரம் அதிகமுள்ளவற்றுக்குக் காந்தத்தோடு ஃபோமும் தேவைப்படலாம். பாலியூரித்தேன் ஃபோம் வருடக்கணக்கில் பொடிந்து பிசுபிசுக்கும் என்பதால் நீண்ட நாள் சேமிப்புக்கு நான் பாலிஎத்திலீன் ஃபோமையே சொல்வேன்.

முதல் பயணத்துக்கு முன்னால், பெயின்ட் அடிக்காத இரண்டு மூன்று பொம்மைகளை வைத்து மூடி, பெட்டியைத் தலைகீழாக்கிக் குலுக்கிப் பாருங்கள். விழுந்தால் காந்தத்தைக் கூட்டுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ரெசின் வாளும் ஈட்டியும் சூட்டில் வளையும்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் மீதமுள்ள காந்தங்களைப் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடலின் மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.