பக்கவாதத்துக்குப் பிறகு நினைவாற்றல் தேற இசை உதவுமா? வீட்டில் எப்படித் தொடங்குவது?

உதவும். ஆனால் மருந்து, பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி ஆகியவற்றோடு சேர்த்துத்தான். அவற்றுக்குப் பதிலாக அல்ல.

பின்லாந்தின் ஹெல்சின்கியில் டெப்போ சர்காமோ குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். 60 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு தனக்குப் பிடித்த பாட்டையும், இன்னொன்று ஒலிப்புத்தகத்தையும் தினமும் ஒரு மணி நேரமாவது, இரண்டு மாதம் கேட்டன. மூன்றாம் குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். பாட்டுக் கேட்டவர்களுக்கே சொல் நினைவும் கவனமும் அதிகம் தேறின. எதுவும் கேட்காதவர்களைவிட மனச்சோர்வும் குறைந்திருந்தது.

பாட்டை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். பேச வராவிட்டால் இரண்டிரண்டு பாட்டாகப் போட்டுக்காட்டி, தலையசைப்பைப் பாருங்கள். வயதானவர் என்பதற்காகப் பக்திப் பாட்டை மட்டும் போடுவது பல வீடுகளில் நடக்கும் தவறு. அவர் இளமையில் விரும்பிக் கேட்டது சினிமாப் பாட்டாக இருக்கலாம்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் பலருக்குத் தாங்காது. மூளைச் சோர்வு சீக்கிரம் வரும். ஆகவே 15, 20 நிமிடங்களாகப் பிரியுங்கள். முகம் சுளித்தால், கண் சொருகினால் நிறுத்திவிடுங்கள். காதுக்கருவி உள்ளவர் அதைப் போட்டுக்கொண்டே கேட்கட்டும்.

டிவியை அணைத்துவிடுங்கள். சாப்பிடும்போதும் நடைப்பயிற்சியின்போதும் சும்மா பின்னணியில் ஓடும் பாட்டு கவனத்தைச் சிதறடிக்கும். விழுங்குவதில் சிரமம் இருப்பவருக்குப் புரையேறும் அபாயமும் உண்டு.

பேச்சு இழந்தவர் பாட்டின் வரிகளைப் பாடிவிடுவதுண்டு. அதை உடனே பேச்சுப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். மெட்டோடு சொற்களை மீட்கும் பயிற்சியை அவர் அங்கிருந்து தொடங்கலாம்.