மூன்றாம் முறை நீட் வேண்டாம், அண்ணே

மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தும் நீட்டில் இரண்டு முறை இடம் கிடைக்கவில்லை, மூன்றாம் முறையும் கோச்சிங் அனுப்பச் சொல்லி மச்சினர் நெருக்குகிறார், அவளோ ராத்திரியானால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் எதையோ கேட்கிறாள் என்று பாம்பனிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன்: நகையை அடகு வைக்காதீர்கள். வட்டி கட்டப்போவது மச்சினர் இல்லை, நீங்கள்.

அவளிடம் பேசினேன். அவள் கேட்பது டார்வினின் பீகிள் கப்பல் பயண நூல். காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்யும் லிப்ரிவாக்ஸ் தளத்தில் எடுத்திருக்கிறாள். 2005 முதல் எல்லாமே இலவசம். வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத கரையிலும் கேட்கலாம். அந்த நூலின் 20ஆம் அத்தியாயத்தில் பவளப்பாறை வருகிறது. தீவு மெல்ல அமிழ, பவளம் மேலே வளர்ந்துகொண்டே வர, கரையை ஒட்டியிருந்த பவளப்பாறைத் திட்டு, நம் ஊர்ப் பேச்சில் பார், விலகி, கடைசியில் தீவே மறைந்து வளையம் மட்டும் நிற்கும் என்கிறார் டார்வின். இதைச் சொல்லிவிட்டு, "குருசடைத் தீவுல பார் கரையை ஒட்டித்தானே சார் இருக்கு, அப்ப அதுவும் இப்படி மாறுமா?" என்று கேட்டாள். இந்தப் பிள்ளையின் மனசு கடலில் இருக்கிறது, அண்ணே.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள அறிவியல் பட்டம் நான்கு வருடப் படிப்பு. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். ஆங்கிலத்தில் பாடம் நடக்குமே என்ற பயத்துக்கும் அவள் காதிலேயே மருந்து இருக்கிறது. முதலில் விஞ்ஞானி ஃபாரடேயின் மெழுகுவர்த்தி உரைகளை அதே லிப்ரிவாக்ஸில் கேட்கட்டும். 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டனில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஆறு உரைகள் அவை. மெழுகுவர்த்தியின் சுடரில் ஆரம்பித்து நம் மூச்சில் வந்து முடிகிறார். நூலாக வந்த அந்த உரைகள் குட்டன்பர்க் தளத்தில் எழுத்தாகவும் இலவசம். ஒரு முறை பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கட்டும், மறுமுறை பார்க்காமல். வாசிப்பவரின் உச்சரிப்பு பிடிபடவில்லையா, வேறொருவர் வாசித்த பதிவு இருக்கிறதா என்று தேடலாம். ஆனால் இதெல்லாம் பழைய அறிவியல், பரீட்சைக்குப் பாடப்புத்தகம்தான்.

மீன்வளப் பல்கலைக்கழக விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று இப்போதே பாருங்கள். அதுவரை அந்த ஹெட்போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். மச்சினரிடம் நான் பேசுகிறேன்.