குழுவின் இலவச இணைய இடத்தை மூடப்போகிறார்கள் என்றால் எதை முதலில் காப்பாற்றுவது?

கேள்வி இதுதான்: ஒரு பொழுதுபோக்குக் குழு பல வருடங்களாக ஓர் இலவசச் சேவையில் நடக்கிறது. சேவையை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. கையில் பணம் குறைவு, தொழில்நுட்பம் தெரிந்த ஆளும் குறைவு. எதை முதலில் எடுப்பது, எங்கே போவது?

முதலில் மறுமொழிகளை எடுங்கள். காரணத்தைச் சொல்ல எங்கள் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறேன். வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவன். நான் சேர்ந்திருப்பது குடும்ப வேர் தேடும் குழு. நாங்களும் இப்படி ஓர் இலவச இடத்திலிருந்து மாறியவர்கள்தான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். கரும்புத் தோட்டம், ரயில்வே, நிலக்கரிச் சுரங்கம் என்று பல இடங்களுக்கும் அனுப்பினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் இருக்கும் தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கப்பல் பட்டியலில் தங்கள் பூட்டனையும் பூட்டியையும் தேடிப் பிடிப்பதுதான் எங்கள் குழுவில் இருப்பவர்களின் பொழுதுபோக்கு. ஓய்வுபெற்ற ஆசிரியைகள், நர்ஸுகள், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து தேடுவார்கள். பெரும்பாலோருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வீட்டுப் பெட்டியில் கிடந்த தமிழ்க் கடிதத்தை ஸ்கேன் செய்து போடுவார்கள், படிக்கத் தெரிந்த சிலர் படித்துச் சொல்வோம்.

ஒருமுறை ஒருவர் மேகசின் பாரக்ஸில் எடுத்த குடும்பப் படம் ஒன்றைப் போட்டார். டர்பன் நகராட்சியின் தொழிலாளர்கள், முக்கால்வாசி தமிழரும் தெலுங்கரும், குடும்பத்தோடு வாழ்ந்த குடியிருப்பு அது. 1960களில் அதைக் காலி செய்து ஆட்களை இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. படத்தின் பின்பக்கத்தில் பெயர் எதுவும் எழுதவில்லை. ஆனால் அதன் கீழே மறுமொழிகள் வரத் தொடங்கின. இடது ஓரத்தில் நிற்பது தன் ஆயாவின் தங்கை என்று ஒருவர். கைக்குழந்தை யார் வீட்டுப் பிள்ளை என்று இன்னொருவர். இல்லை, அது மூத்தவன், இளையவன் அப்போது பிறக்கவே இல்லை என்று மூன்றாமவர் திருத்தினார். இப்படியே மாதக்கணக்கில் போனது. அந்தப் படத்தின் பிரதி இன்னும் நாலு வீட்டில் இருக்கும். அதில் இருப்பவர்கள் யார் என்பது அந்த மறுமொழிகளில் மட்டும்தான் இருக்கிறது. அவற்றை எழுதிய பெரியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

உங்கள் பொழுதுபோக்கு தபால்தலையோ, பழைய ரேடியோவோ, மாடித்தோட்டமோ, எதுவாக இருந்தாலும் இதே கதைதான். கேள்வியைவிட, படத்தைவிட, கீழே ஆளுக்கொரு வரியாகச் சேர்ந்தது வேறெங்கும் கிடைக்காது.

சரி, எப்படி எடுப்பது. நிர்வாகிக்கான பக்கத்தில் ஏற்றுமதி வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தரவுத்தளத்தையே முழுதாகக் கொடுத்தால் அதிர்ஷ்டம், பின்னால் வேறு மென்பொருளில் ஏற்ற முடியும். இலவசச் சேவைகளில் பல அதைத் தருவதில்லை. தராவிட்டால் எச்டிடிராக் போன்ற இலவச மென்பொருளால் பக்கங்களை அப்படியே நகல் எடுக்கலாம். உறுப்பினர்களுக்கு மட்டும் தெரியும் பக்கங்களுக்கு லாகின் செய்த நிலையில் எடுக்க வேண்டும். வேபேக் மெஷின் எப்படியும் சேமித்திருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். 1996இலிருந்து இணையப் பக்கங்களைச் சேகரித்து வருகிற அருமையான சேவைதான், ஆனால் பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருப்பதை அதனால் பார்க்க முடியாது. பொதுவில் தெரியும் பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாக அதில் சேமிக்கச் சொல்லுங்கள், அது கூடுதல் பாதுகாப்பு.

நகல் எடுத்து முடித்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். தமிழ் இருக்கும் குழு என்றால் இது ரொம்ப முக்கியம். யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கம் பரவும் முன்பு டிஸ்கி, பாமினி போன்ற பழைய முறைகளில் தட்டிய பதிவுகள் அந்தந்த எழுத்துரு இல்லாமல் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். அவற்றை மாற்ற மாற்றிகள் இருக்கின்றன, அசல் கையில் இருக்கும்வரை பயமில்லை. யூனிகோடில் எழுதியவை வேறு விதத்தில் கெடும். தரவுத்தளத்தை எடுக்கும்போது எழுத்துக் குறியாக்கத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அதைத் திருப்பிக் கொண்டுவர வழியே கிடையாது. பழைய இடம் உயிரோடு இருக்கும்போதே சில பதிவுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

படங்கள் தனிப் பிரச்சினை. பல குழுக்களில் எழுத்து ஓர் இடத்தில் இருக்கும், படம் வேறோர் இலவச இடத்தில் இருக்கும். 2017இல் ஃபோட்டோபக்கெட் தன் படங்களை வேறு தளங்களில் காட்டுவதற்கு வருடத்துக்கு 399 டாலர் கேட்டபோது, உலகம் முழுக்க எத்தனையோ பொழுதுபோக்குக் குழுக்களில் படம் இருந்த இடமெல்லாம் பணம் கட்டச் சொல்லும் அறிவிப்பாகிவிட்டது. அதனால் நகல் எடுக்கும்போது படத்துக்கான லிங்க் மட்டும் வந்திருக்கிறதா, படமே வந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் குழுவில் படங்களை எடுத்ததும் கோப்பின் பெயரிலேயே எந்தப் பதிவு, எந்த வருடம் என்று சேர்த்துவிட்டோம். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டால் முடிகிற வேலைதான், அலுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

கெடு தேதி தள்ளிப்போகும் என்று நம்ப வேண்டாம். இலவச வலைப்பக்கங்கள் தந்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் மூடினார்கள். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. யாஹூ குரூப்ஸ் 2019 அக்டோபரில் முதல் அறிவிப்பைக் கொடுத்து, 2020 டிசம்பர் 15இல் முழுதாக நின்றது. ஒவ்வொரு தடவையும் ஆர்க்கைவ் டீம் போன்ற தன்னார்வலர்கள் ராப்பகலாக உழைத்து முடிந்ததைக் காப்பாற்றினார்கள், நிறையப் போய்விட்டது. இதற்காக இலவசச் சேவைகளைத் திட்ட எனக்கு மனம் வராது. அவை இல்லாவிட்டால் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒரு பாட்டியும் லண்டனுக்குப் போய்விட்ட அவரது சித்தப்பா மகனும் ஒரே பக்கத்தில் சந்தித்திருக்கவே முடியாது. இலவசமாகக் கொடுத்தவருக்கு நிறுத்தும் உரிமை உண்டு. நமக்கு வேண்டியதெல்லாம் எடுத்துக்கொண்டு போக அவகாசமும் வழியும்.

அப்புறம், எங்கே போவது. உங்கள் குழுவிலும் ஒருவர் உடனே சொல்லியிருப்பார்: வாட்ஸ்அப்பில் போடலாம். வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஆட்களைக் கூப்பிட்டுச் செய்தி சொல்ல அது நல்லது, நாங்களும் அதற்குப் பயன்படுத்தினோம். ஆனால் அங்கே புதிதாகச் சேர்பவருக்குப் பழையது முழுதாகக் கிடைக்காது. எங்களுக்கு அது பெரிய இடி. இங்கே முனிசாமி என்பவரை மூன்சாமி, முன்சாமி, முனுசாமி என்று எழுத்தர் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருப்பார்கள். யாரோ ஒருவர் எப்போதோ இந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார். தேடினால் அது கிடைக்க வேண்டும். காலை வணக்கமும் சாமி படமும் வந்து மேலே குவியும் இடத்தில் அது கிடைக்காது. ஃபேஸ்புக் குழு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதுவும் இன்னொருவர் வீட்டுத் திண்ணைதான்.

வீட்டிலேயே பழைய கம்ப்யூட்டரைச் சர்வராக வைக்கலாம் என்ற யோசனையும் வரும். 2022இலும் 2023இலும் லோட் ஷெடிங்கில் தினமும் மணிக்கணக்காகக் கரண்ட் போன நாட்டில் இருந்து சொல்கிறேன், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

என் கருத்து இது: சின்னதாக ஒரு டொமைன் பெயரை, அதாவது இணைய முகவரியை, சொந்தமாக வாங்குங்கள், வாடகை சர்வரில் பிஎச்பிபிபி அல்லது டிஸ்கோர்ஸ் போன்ற, கருத்துக்களம் நடத்தும் இலவச மென்பொருளைப் போடுங்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால், க்ரூப்ஸ்.ஐஓ போன்று குழுக்களுக்கென்றே நடக்கும் சேவைக்குச் சந்தா கட்டுங்கள். டொமைன் உங்களுடையதாக இருந்தால், நாளைக்கு இந்த இடமும் போனாலும் அதே முகவரியை வேறிடத்துக்குத் திருப்பிவிடலாம், ஆட்கள் தொலைய மாட்டார்கள். செலவை ஒருவர் தலையில் போடாதீர்கள். எங்கள் குழுவில் சிலர் மாதா மாதம் கொஞ்சம் ரேண்ட் (இங்கத்துப் பணம்) போடுகிறார்கள், முடியாதவர்கள் போடுவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. பாஸ்வேர்டு குறைந்தது மூன்று பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் வயதில் இளையவராக இருக்கட்டும். டொமைனைப் புதுப்பிக்க வேண்டியவர் இறந்துபோய், அவர் வீட்டாருக்கு விஷயமே தெரியாமல், பெயர் காலாவதியாகும் அபாயம் எந்தக் குழுவுக்கும் உண்டு.

உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகளைக் கேட்காமல் புதிய இடத்தில் ஏற்றாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 'போபியா' என்ற சட்டம் இருக்கிறது, 2021 ஜூலையிலிருந்து கடுமையாகவே நடைமுறையில் இருக்கிறது. உங்கள் நாட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம், பாருங்கள். சட்டத்தை விடுங்கள், ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை. எங்களிடம் சிலர் தங்கள் பதிவு வேண்டாம் என்றார்கள், எடுத்துவிட்டோம். குடும்பக் கதையில் எல்லாமே பெருமைப்படும்படி இருக்காது.

இங்கே இன்னொரு வழியும் இருக்கிறது. க்வாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதூலி ஆவண மையம் இந்த மண்ணின் இந்தியர் வரலாற்று ஆவணங்களைப் பாதுகாக்கிறது. உங்கள் பொழுதுபோக்குக்கும் பக்கத்தில் இப்படி ஒரு நூலகமோ சங்கமோ இருந்தால், முழு நகலை ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு, வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

கடைசியாக ஆட்கள். பத்துப் பேர் பேசினால் நூறு பேர் சும்மா படித்துக்கொண்டிருப்பார்கள். மின்னஞ்சலை மாதக்கணக்கில் திறக்காத பெரியவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குப் போன் செய்யுங்கள். எங்கள் குழுவில் ஓர் அக்கா பட்டியலை வைத்துக்கொண்டு சாயங்காலங்களில் வரிசையாக எல்லோரையும் கூப்பிட்டார். புதிய முகவரியைச் சொல்லிவிட்டுப் போனை வைக்க முடியாமல், அவர்கள் சொன்ன கதைகளையும் எழுதிக்கொண்டு வந்தார். மூடுவதற்கு இரண்டு வாரம் முன்பே பழைய இடத்தில் புதிதாக எழுதுவதை நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் கடைசி நகலை எடுங்கள். பழைய இடத்தின் முதல் பக்கத்தில் புதிய முகவரியைப் பெரிதாகப் போட்டுவிடுங்கள்.

எந்தச் சேவை, என்ன மென்பொருள் என்று நீங்கள் எழுதவில்லை. நகலில் தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால் அதில் நாலு வரியை அப்படியே கீழே ஒட்டுங்கள். எந்தக் குறியாக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன்.