பழைய கார்பனைக் கரிமூட்டத்தில் புதுப்பிக்க முடியுமா?

கேள்வி: மண்டபத்துக்கு அருகில் உள்ள கடற்கரைக் கிராமம் ஒன்றில் எங்கள் மகளிர் குழு ஆர்.ஓ. குடிநீர் நிலையம் நடத்துகிறது. கார்பன் டேங்கில் உள்ள 50 கிலோ கரியையும் மாற்ற வேண்டும் என்று சர்வீஸ்காரர் சொல்கிறார். அதை வெயிலில் காயவைத்தோ, வெந்நீரில் அலசியோ, சீமைக் கருவேலங்கரி மூட்டத்தில் வைத்துச் சுட்டோ மீண்டும் பயன்படுத்தலாமா?

பதில்: முதல் இரண்டு வழிகளால் பயன் இல்லை, மூன்றாவது வழி தீங்கே செய்யும்.

உங்கள் டேங்கில் இருப்பது வெறும் அடுப்புக்கரி அல்ல, நுண்துளைகள் உண்டாகும்படி பதப்படுத்திய ஆக்டிவேட்டட் கார்பன். இப்படிப் பதப்படுத்திய சிரட்டைக் கரியின் ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு உண்டு. அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளின் சுவர்கள்தாம். நீரில் உள்ள கரிமப் பொருள்கள் அந்தச் சுவர்களில் படிந்து இறுகிவிடுவதால், வெந்நீர் மேலே ஒட்டிய வழுவழுப்பையும் கிருமிகளில் ஒரு பகுதியையும் நீக்குமே தவிர உள்ளே படிந்ததை அசைக்காது. வெயிலில் உலர்த்தினால் கரியில் ஊறியிருந்த உப்புநீர் வற்றி, உப்பும் சுண்ணாம்பும் துளைகளுக்குள்ளேயே தங்கிவிடும். காய்ந்த கரியை நீரில் போட்டதும் குமிழி விடுவதைப் பார்த்து அது புத்துயிர் பெற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். துளையில் புகுந்த காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

உண்மையான புதுப்பித்தல் இதற்கென்றே அமைந்த உலைகளில் நடக்கிறது. கரியை முதலில் உலர்த்தி, காற்றுப் புகாமல் படிப்படியாகச் சூடேற்றிப் படிந்தவற்றைச் சிதைத்து, பிறகு 800 முதல் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியைச் செலுத்தி, எஞ்சிய கசடை வாயுவாக்கி வெளியேற்றுவார்கள். இத்தனை கட்டுப்பாட்டுடன் செய்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் பொதுவாக 5 முதல் 15 விழுக்காடு கரி இழப்பாகும். கரியில் சுண்ணாம்புப் படிவு மிகுந்திருந்தால் அது நீராவி வினையை முடுக்கி நுண்துளைகளையே தின்றுவிடும் என்பதால், உப்புநீரில் கிடந்த கரிக்கு அமிலக் கழுவலும் தேவைப்படலாம்.

கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் போடும் மூட்டத்தில் நீராவியும் இல்லை, வெப்பத்தை இவ்வளவு துல்லியமாக அடக்கும் வழியும் இல்லை. காற்றுப் புகுந்த இடத்தில் உங்கள் கரி சாம்பலாகும். புகாத இடத்திலோ விறகிலிருந்து கிளம்பும் தாரும் புகையும் அந்தத் துளைகளில் ஏறி, பின்னர் குடிநீரில் கசியும். விறகைக் கரியாக்கத்தான் மூட்டம். தொழிற்சாலை உலைக்கு அனுப்பலாம் என்றால், டன் கணக்கில் கரி சேரும் பெரிய நிலையங்களுக்கே அது கட்டுப்படியாகும். அங்கும் ஆலைக்கழிவு நீரில் கிடந்த கரியோடு குடிநீர்க் கரி கலந்துவிடக் கூடாது.

ஆனால், உங்கள் கரி உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். அது உப்பை எடுக்காது; ஆகவே தண்ணீர் கரிக்கிறது என்பதற்காக அதை மாற்றுவது வீண்செலவு, அங்கே சோதிக்க வேண்டியது உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேனை. ஆழ்குழாய் நீரைத் தொட்டியில் தேக்கி பிளீச்சிங் பவுடர் போடுகிறீர்கள் என்றால், அந்தக் குளோரின் மெம்பரேனை அரிக்காமல் தடுப்பதே கார்பனின் முதல் வேலை. கரி குளோரினை உறிஞ்சி வைத்துக்கொள்வதில்லை, வினைபுரிந்து குளோரைடாக மாற்றிவிடுகிறது. இதனால் வாடையையும் நிறத்தையும் நீக்கும் திறன் குறைந்த பின்னும் குளோரினை நீக்கும் திறன் நெடுநாள் நீடிப்பதுண்டு.

டேங்குக்குள் போகும் நீர், வெளியே வரும் நீர் இரண்டையும் குளோரோஸ்கோப்பில் (மருந்துச் சொட்டு விட்டால் குளோரின் உள்ள நீர் மஞ்சளாகும் சோதனைக் கருவி) பாருங்கள். சிலர் வெளியே வரும் நீரை மட்டும் சோதித்துவிட்டு 'நிறம் வரவில்லை, கரி நன்றாக இருக்கிறது' என்று முடிவு செய்கிறார்கள். உள்ளே போகும் நீரிலேயே குளோரின் இல்லாவிட்டால் அந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. நீர் வழக்கமான வேகத்தில் ஓடும்போது உள்ளே மஞ்சள் தெரிந்து வெளியே தெரியாவிட்டால், குளோரினைப் பொறுத்தவரை கரி வேலை செய்கிறது. வெளியேயும் மஞ்சள் தட்டினால் அன்றே மாற்றுங்கள். மெம்பரேனின் விலையோடு ஒப்பிட்டால் கரியின் விலை சிறிது. சோதித்த நீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அழுகிய முட்டை வாடை அடிக்கிறது, அழுத்தம் குறைகிறது என்றால் பேக்வாஷ், அதாவது நீரை எதிர்த்திசையில் ஓட விட்டுக் கரியை அலசுவது, போதாமல் இருக்கலாம். நீர் ஓடும் திசையை மாற்றும் மல்டிபோர்ட் வால்வைத் திருப்பி, கலங்கல் தெளியும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விட்டு, பிறகு ரின்ஸ் செய்யுங்கள். குளோரின் நீங்கிய நீர் இரவெல்லாம் கரிக்குள் தேங்கினால் கிருமி பெருகும் என்பதால், காலையில் வரும் முதல் நீரை வடிகாலுக்கு விடுவது நல்லது. இவ்வளவு செய்தும் வாடை போகாவிட்டால் சர்வீஸ்காரர் சொல்வது சரி.

புதுக் கரி வாங்கும்போது ஐயோடின் எண் (கரியின் உறிஞ்சும் திறனைக் காட்டும் அளவு) 900க்குக் குறையாத, குடிநீருக்கென்றே தயாரித்த சிரட்டைக் கரியாக, மூட்டையில் தர விவரம் அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். டேங்கில் இட்டு ஒரு நாள் ஊறவைத்து, கரித்தூள் கலந்த கறுப்பு நீர் முற்றிலும் தெளியும் வரை பேக்வாஷ் செய்த பிறகே மெம்பரேன் பக்கம் திறக்க வேண்டும். ஈரக் கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை ஈர்த்துவிடும். டேங்குக்குள் மூச்சுவிட ஆக்சிஜன் போதாமல் போகலாம். ஆகவே, ஆள் இறங்கும் அளவுக்குப் பெரிய டேங்காக இருந்தால், உரிய பாதுகாப்பு இல்லாமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள்.