பேச்சு அறுந்துபோன உறவின் பிள்ளைகளை நாம் எடுத்து வளர்க்கலாமா?

கேள்வி: என் கணவரின் அண்ணனோடு எங்களுக்குப் பல வருடமாகப் பேச்சு இல்லை. குடியால் வேலை போய், இப்போது ஆளே எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அவர் மனைவி பிரிந்து தன் அம்மா வீட்டில் இருக்கிறார். 10 வயதுப் பெண், 6 வயதுப் பையன், இரண்டு பேரும் என் மாமியாரிடம். அவருக்கு உடம்பு முடியவில்லை, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளை நாங்கள் அழைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். எங்களுக்கு ஒரு மகள். என்ன முடிவெடுப்பது?

பதில்:

உங்கள் கேள்வியில் மாமியார் இருக்கிறார், கணவர் இருக்கிறார், காணாமல் போன அண்ணன் இருக்கிறார். பிள்ளைகளைப் பெற்றவள் மட்டும் ஒரே வரியில் வந்து போய்விடுகிறார். அவரிடம் யாராவது பேசினீர்களா? அப்பா உயிரோடு இருந்தும் பொறுப்பில் இல்லையென்றால் அம்மாதான் காப்பாளர் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சித்தப்பா, சித்தி, பாட்டி எல்லாம் அவருக்குப் பிறகுதான். "அவதான் விட்டுட்டுப் போயிட்டாளே" என்று மாமியார் சொல்வார். விட்டுப் போனது புருஷனையா, பிள்ளைகளையா என்று அவர் வாயால் கேளுங்கள். பிள்ளைகள் வேண்டும், வருமானம்தான் இல்லை என்று அவர் சொன்னால், நீங்கள் எடுக்க வேண்டிய முடிவே வேறு.

அவருக்கும் முடியாது என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

என் அண்ணனின் பிள்ளைகள் இரண்டு பேர் எங்களிடம் வளர்கிறார்கள். நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம், நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். அண்ணி சிறுநீரகம் செயலிழந்து இறந்தபின், அண்ணன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர்வெல் போட வடக்கே போனார். அந்த வண்டிகள் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் சுற்றுகிறவை. முதலில் பணம் வந்தது, அப்புறம் போன் மட்டும் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது.

அவரோடு எனக்குப் பேச்சு நின்றது அதற்கு ரொம்ப முன்பே. அப்பாவின் காரியம் முடிந்த கையோடு, சொத்தில் என் பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தை நீட்டினார். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனாலும் கூடப் பிறந்தவனுக்கு எழுதிக் கொடுத்தால்தான் பிறந்த வீட்டுக்குப் போக்குவரத்து இருக்கும் என்பதுதான் எங்கள் ஊர் நியாயம். நான் கையெழுத்துப் போடவில்லை, போக்குவரத்து நின்றது.

பிள்ளைகள் விஷயம் வந்தபோது எல்லாரும் எனக்குச் சொன்ன புத்திமதி, "பழசை மறந்துடு". நான் மறக்கவில்லை, இன்றைக்கும் மறக்கவில்லை. மறக்காமலே பிள்ளைகளை வளர்க்க முடியும். உங்களிடம் இதை யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். அண்ணனை மன்னித்தால்தான் பிள்ளைகளை எடுக்க முடியும், பிள்ளைகளை எடுத்தால் அண்ணனோடு சேர்ந்துவிட்டதாக அர்த்தம் என்று இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு.

ஆனால் ஒன்று உண்டு. அந்த மனிதர் உங்கள் வீட்டில் இல்லாமலே இருப்பார். "எங்கப்பா எப்ப வருவாரு?" என்று பையன் சாப்பாட்டு நேரத்தில் கேட்பான். பெண்ணுக்குக் கோபம் வந்தால் முகம் அப்படியே அவர் முகம். சோற்றில் கறிவேப்பிலையைப் பொறுக்கி ஓரமாக வைக்கிற விதம்கூட எங்கள் சின்னவனுக்கு அண்ணனுடையதுதான். ஒரு நாள் அவன் பொய் சொல்லி மாட்டுவான், அப்போது "அப்பன் புத்திதானே வரும்" என்பது உங்கள் நாக்கு நுனிவரை வரும். அதைச் சொல்லாமல் விழுங்க உங்களால் முடியுமா, உங்கள் கணவரால் முடியுமா என்று இருவரும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். கணவரால் முடியாது என்றால் எடுக்காதீர்கள். இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். சொந்த அப்பாவைத் திட்டுகிற வீட்டில் வளர்வதைவிட, முடியாத பாட்டியிடம் கஞ்சி குடித்து வளர்வது மேல்.

அடுத்தது வேலை. சொல்வது மாமியார், தலையாட்டுவது கணவர், காலையில் எழுந்து ஐந்து டிபன் பாக்ஸ் கட்டுவது நீங்கள். பேன் பார்ப்பது, யூனிஃபார்ம் துவைப்பது, பெற்றோர் கூட்டத்துக்கு லீவு போடுவது யார் என்று முன்கூட்டியே பேசாவிட்டால் எல்லாம் உங்கள் தலையில் வந்து நிற்கும். என் கணவர் பையனைக் குளிப்பாட்டிப் பள்ளியில் விடுவதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார், அதனால்தான் வண்டி ஓடுகிறது. உங்கள் மகளிடமும் சொல்லுங்கள். முடிவை அவள் தலையில் வைக்க வேண்டாம். அவளுடைய கட்டில், அலமாரி, படிக்கும் மேசை எது, எதைப் பங்கு போட வேண்டியிருக்கும் என்பது மட்டும் அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கட்டும்.

சரி, காகித விஷயம். பாசமாக இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். எங்கள் சின்னவன் கை ஒடிந்து ஆபரேஷன் என்றபோது, படிவத்தில் கையெழுத்துப் போட "கார்டியன் யார்?" என்றார்கள். அத்தை என்று சொன்னதும் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு நகல் பையில் இருந்ததால் வேலை நடந்தது. மாவட்டத்துக்கு ஒரு குழு உண்டு. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி, பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகளை உறவினரிடமோ தகுதியான ஒருவரிடமோ ஒப்படைக்க அதற்கு அதிகாரம் இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலமாகப் போகலாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்தும் கேட்கலாம். புகார் கொடுப்பது மாதிரி இருக்குமோ என்று பயந்தேன். அப்படி எதுவும் இல்லை, வீட்டுக்கு வந்து பார்த்தார்கள், பிள்ளைகளிடம் பேசினார்கள்.

பத்திரத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். அம்மா சம்மதித்தார் என்பதற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். அதனால் நீங்கள் காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். முழுக் காப்பாளர் உரிமைக்கு 1890-ஆம் வருடக் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். தத்து எடுக்கிற யோசனை இப்போது வேண்டாம். இந்து தத்துச் சட்டப்படி, மகள் இருக்கும் நீங்கள் இன்னொரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கவே முடியாது. தவிர, தத்து ஆகிவிட்டால் பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக வழி இல்லை.

உதவித்தொகையும் இருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு வரம்பு தாண்டிவிட்டது. உங்கள் மாமியார் பெயரில் கேட்டால் கிடைக்கலாம், அப்படிக் கிடைத்தால் பிள்ளைகள் அங்கேயே இருக்கவும் ஒரு வழி பிறக்கும். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' மாதம் 2,000 ரூபாய் தருகிறது. ஆனால் அது பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாதவர்களுக்கும். அம்மா அப்பா இரண்டு பேரும் உயிரோடு இருக்கும் உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, அப்பாவின் சாதிச் சான்றிதழ் நகல், எல்லாவற்றையும் மாமியாரின் பெட்டியிலிருந்து இப்போதே எடுத்துவையுங்கள். கடைசியில் சொன்னது இல்லாமல் இ-சேவை மையத்தில் நான் பட்ட பாடு தனிக் கதை.

ஊர் பேசும். "சொத்துக்காகத்தான் பிள்ளைகளை வச்சிருக்கா" என்று என் காதுபடவே சொன்னார்கள். பிள்ளைகள் பெயரில் நிலமோ நகையோ இருந்தால் தொடாதீர்கள். நீதிமன்ற அனுமதி இல்லாமல் மைனரின் நிலத்தைக் காப்பாளர்கூட விற்க முடியாது. அண்ணியின் நகையை எடை போட்டு, பெரியவர்கள் முன்னிலையில் எழுதி, வங்கி லாக்கரில் வைத்துவிட்டோம். பேச்சு உடனே நிற்கவில்லை, ஆனால் பதில் சொல்ல ஒரு தாள் இருந்தது.

அம்மா வழி உறவையும் அறுத்துவிடாதீர்கள். எங்கள் பெரியவள் வயதுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவது என்று பெரிய கேள்வி. அண்ணியின் தம்பிக்கும் எங்களுக்கும் முகம் பார்த்துப் பழக்கமே இல்லை. என் கணவர் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். மாலை, பட்டுப்புடவை, தட்டுவரிசை என்று முறைப்படி வந்து நின்றார். அன்றைக்கு அவள் முகத்தில் பார்த்த தெளிவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தனக்கும் ஆள் இருக்கிறது என்று ஒரு பெண்பிள்ளைக்குத் தெரிவது சின்ன விஷயம் இல்லை.

அப்பா திரும்பி வருவார் என்பதையும் கணக்கில் வையுங்கள். எங்கள் அண்ணன் வந்தார். புதுச் சட்டை போட்டு, ஸ்வீட் பாக்ஸோடு வந்து, பிள்ளைகளை இன்றைக்கே கூட்டிப் போகிறேன் என்றார். உத்தரவு இருந்ததால் வாசலில் கைகலப்பு ஆகாமல் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தோம். பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பெரியவள் பத்தாவது முடிக்கும்வரை இங்கேதான் என்றாள். சின்னவன் அப்பாவோடு போகிறேன் என்றுதான் சொன்னான். எத்தனை வருடம் சோறு போட்டாலும் இது நடக்கும், நடக்கத்தான் வேண்டும். அவருக்கு நிலையான இருப்பிடம் இல்லை என்பதால் இப்போதைக்கு எங்களிடமே இருக்கட்டும், லீவுக்கு அப்பாவோடு போகட்டும் என்று குழு சொன்னது. இப்போது ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் போனுக்குக் கூப்பிட்டுப் பிள்ளைகளோடு பேசுகிறார். என்னோடு பேசுவது ஃபீஸ், காய்ச்சல், லீவு தேதி, இந்த மூன்று மட்டும். எனக்கு அது போதும்.

முடியாது என்று நீங்கள் சொன்னாலும் அது பாவம் இல்லை. ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதும் இல்லை. மாதம் ஒரு தொகையை மாமியாரின் கணக்கில் போடலாம், பெண்ணை அரசு நல விடுதியில் சேர்த்து வார இறுதியில் போய்ப் பார்க்கலாம், அம்மாவுக்கு ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்து அவர் காலில் நிற்க வைக்கலாம்.

இந்த மே மாத லீவுக்கு இருவரையும் கூட்டி வந்து வைத்துக்கொள்ளுங்கள். லீவுக்கு வந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வளர்க்கப் போகிறோம் என்ற பேச்சை அவர்கள் காதில் போடாதீர்கள், அப்புறம் இல்லை என்று ஆனால் அது பெரிய காயம். அதற்குள் அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள், குழுவிலும் விசாரியுங்கள். ஜூனுக்குள் முடிவு சொல் என்று மாமியார் நெருக்கினால் அதற்கு மசிய வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வருடத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க மறுக்கக் கூடாது, டி.சி. வரத் தாமதம் என்பதும் காரணம் ஆகாது. ஆகஸ்டில் கூட்டிப் போனாலும் பக்கத்து அரசுப் பள்ளியில் இடம் உண்டு.