கராத்தே இல்லாத கராத்தே கிட் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

என் பையனோடு உட்கார்ந்து ஜாக்கி சான் நடித்த 'தி கராத்தே கிட்' (2010) பார்த்தேன். அவனுக்கு 11 வயது. படம் முடிந்ததிலிருந்து கராத்தே கிளாஸில் சேர்த்துவிடச் சொல்லி ஒரே பிடிவாதம். என் தம்பி நிறைய சினிமா பார்ப்பவன். "அக்கா, 1984-ல் வந்ததுதான் படம், இது வெறும் ரீமேக், இதில் கராத்தேயே கிடையாது, எல்லாம் குங்ஃபூ, அப்பா அம்மா காசு போட்டு மகனை ஹீரோ ஆக்கியது, விமர்சகர்கள் கழுவி ஊற்றிவிட்டார்கள்" என்கிறான். சரி என்று பழையதைப் போட்டால் பையன் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விட்டான். எனக்குப் புதுப் படத்தில் இரண்டு மூன்று இடங்களில் கண் கலங்கியது. ஆனால் கடைசிச் சண்டைகளில் பிள்ளைகள் அடிபடுவதைப் பார்க்க முடியவில்லை. நான் ரசித்தது சரிதானா? பையனை கிளாஸில் சேர்க்கலாமா?

எஸ்., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் தம்பி சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். விமர்சகர்கள் அந்தப் படத்தைக் கழுவி ஊற்றவில்லை. மூன்றில் இரண்டு பங்குக்கு நல்ல விதமாகத்தான் எழுதினார்கள். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் பழைய படத்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தவர், புதியதற்கு மூன்றரை கொடுத்தார். சுமார் 4 கோடி டாலர் செலவில் எடுத்த படம், உலகம் முழுக்க 35 கோடிக்கு மேல் வசூல். தயாரிப்பாளர்களில் வில் ஸ்மித்தும் அவர் மனைவியும் இருந்தார்கள், நடித்தது அவர்கள் மகன் ஜேடன், அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பையன் சண்டைக்காக உழைத்திருப்பது திரையிலேயே தெரிகிறது, அதைப் பார்த்த பிறகும் காசைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தலைப்பு தப்பு என்பது உண்மை. சீனாவிலேயே 'குங்ஃபூ கனவு' என்ற பெயரில்தான் வெளியிட்டார்கள். ஆனால் கராத்தே பிறந்த ஜப்பானின் ஒகினாவா தீவுக்கும் தென்சீனத்துக்கும் பழைய உறவு உண்டு. முதல் படத்தின் கதையை எழுதிய ராபர்ட் மார்க் கேமன் கற்றது கோஜு-ரியு கராத்தே. அதை நிறுவியவர் சோஜுன் மியாகி, படத்தில் வரும் ஆசானுக்கும் அந்தப் பெயர்தான். நிஜ மியாகியின் குரு பாடம் கற்றது சீனத்தின் ஃபூஜியான் பகுதியில். அதனால் கதையை பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனதை ஒரு குற்றமாக என்னால் பார்க்க முடியவில்லை.

அப்புறம் இந்த 'வெறும் ரீமேக்' என்ற பேச்சு. நம் ஊர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது எனக்கு ஆறுவதில்லை. ஏற்காடு போகும் வழியில் அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தானே எல்லோரும் போகிறோம். அங்கே டி.ஆர். சுந்தரம் 1940-ல் பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் போட்டு 'உத்தம புத்திரன்' எடுத்தார், அதன் மூலம் அலெக்சாந்தர் துமாவின் பிரெஞ்சுக் கதை. 1958-ல் அதே கதை, அதே பெயரில் சிவாஜி நடித்து மறுபடி வந்தது, அதையும் ஜனங்கள் கொண்டாடினார்கள். ஒரு கதையை இரண்டாம் முறை எடுப்பவன் அதற்குள் புதிதாக எதைக் கண்டான் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இந்தப் படம் கண்டது அந்த ஜாக்கெட்டை. பழைய படத்தில் மியாகி பையனைக் காருக்கு மெழுகு தேய்க்கச் சொல்வார், வேலிக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்வார், எல்லாம் அவர் வீட்டு வேலைகள், அதற்குள் தடுப்பு அடிகள் ஒளிந்திருக்கும். அருமையான யோசனை, மறுக்கவே முடியாது. ஆனால் புதியதில் ஜேடன் நடிக்கும் ட்ரே ஜாக்கெட்டைக் கழற்றித் தரையில் போடுகிறான், அம்மா எடுத்து மாட்டச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகிறாள், வீட்டில் ரிப்பேர் வேலைக்கு வந்த ஹான், அதாவது ஜாக்கி சான், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு பாடம் தொடங்கும்போது அவர் கையில் எடுப்பது அதைத்தான்: மாட்டு, கழற்று, கீழே போடு, எடு, மறுபடி மாட்டு. நாள் கணக்கில் இதையே செய்கிறான் பையன். அம்மாவுக்குக் காட்டிய அலட்சியம் எந்த உடல் அசைவில் வெளிப்பட்டதோ அதே அசைவுதான் பின்னால் அவனைக் காப்பாற்றும் தடுப்பாக மாறுகிறது. பிறரிடம் எப்படி நடந்துகொள்கிறாய் என்பதும் வித்தைக்குள் சேர்ந்ததுதான் என்று ஹான் சொல்லும் இடத்தில், ஒரு தாயாக நீங்கள் கலங்கியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பழைய படத்தின் அம்மாவுக்கு இவ்வளவு இடம் கிடையாது. இதில் டெட்ராய்ட்டிலிருந்து வேலைக்காக மகனை இழுத்துக்கொண்டு மொழி தெரியாத ஊருக்கு வந்த ஒருத்தியின் களைப்பும் பிடிவாதமும் டராஜி ஹென்சனின் முகத்தில் இருக்கின்றன.

இன்னொன்று அந்தக் கார். ஹான் ஒவ்வொரு வருஷமும் பழுதுபார்த்து, மனைவியும் மகனும் விபத்தில் இறந்த அதே நாளில் அடித்து நொறுக்கும் கார். மியாகி குடித்துவிட்டு அழும் இரவில் அவருடைய மாணவன் டேனியல் அவரைப் படுக்க வைப்பான், அதற்குமேல் அவனால் எதுவும் செய்ய முடியாது. இங்கே ட்ரே பயிற்சிக் கழிகளை எடுத்து வந்து வாரை அவர் கையில் மாட்டி இழுக்கிறான், வாத்தியார் கற்றுக்கொடுத்ததை வைத்தே வாத்தியாரை எழுப்புகிறான். ஜாக்கி சானை வாழ்க்கை முழுக்கக் குதிக்கவும் விழவும் வைத்துப் பார்த்த நமக்கு, அந்த ஆள் அசையாமல் உட்கார்ந்து அழுவது புதுசு. இதை எடுத்ததற்காகவே இயக்குநர் ஹரால்ட் ஸ்வார்ட்டை மதிக்கிறேன்.

ஆனால் கடைசிச் சண்டைகளைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் சரி, உங்கள் தம்பி சொன்ன எதையும்விடப் பெரிய குறை அது. 1984-ல் டேனியலாக வந்த ரால்ஃப் மாச்சியோ பள்ளிக்கூடப் பையனாக நடித்தாலும் அப்போது அவருக்குச் சுமார் 22 வயது, அடி விழுந்தது வளர்ந்த உடம்பில். ஜேடனுக்குப் படம் எடுக்கும்போது உங்கள் பையன் வயதுதான். வயதைக் குறைத்தவர்கள் அடியையும் குறைத்திருக்க வேண்டும், இவர்கள் கூட்டிவிட்டார்கள். ட்ரேயின் காலை உடைத்துவிடு என்று ஒரு வாத்தியார் சின்னப் பையனுக்குக் கட்டளை போடுகிறார், அது நடக்கிறது, எலும்பு நொறுங்குகிற மாதிரி சத்தம் வேறு, கொஞ்ச நேரத்தில் நெருப்புக் குவளை வைத்தியம் செய்து அதே காலோடு மறுபடி மேடை. சின்னப் பிள்ளை பார்த்தால், வலியைப் பொறுத்துக்கொண்டு எழுந்து ஆடினால் பரிசு என்றுதான் மனதில் பதியும்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், இதே படத்தில் ஹான் ஆறு பையன்களை ஒற்றை ஆளாகச் சமாளிக்கிற காட்சி ஒன்று இருக்கிறது. அவர் ஒரு பிள்ளையைக்கூட அடிப்பதில்லை, விலகுகிறார், மடக்குகிறார், அவர்கள் வீசும் அடி அவர்கள் மேலேயே விழுகிறது. பிள்ளைகளை எப்படித் தொட வேண்டும் என்று தெரிந்த படம் அது. கடைசி அரை மணி நேரத்தில் கோப்பைக்காக அதை விட்டுக்கொடுத்துவிட்டது. மொத்தம் 140 நிமிஷம், சீனப் பெருஞ்சுவர், வூடாங் மலை என்று ஊர் சுற்றிக் காட்டுவதும் அதிகம், அதெல்லாம் பரவாயில்லை.

கிளாஸ் விஷயம். சேருங்கள், ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் போய் ஓரமாக நின்று பாருங்கள். அடி பட்டு அழுகிற பிள்ளையிடம் மாஸ்டர் என்ன சொல்கிறார், மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட் என்று காசு வசூலிப்பதில் குறியாக இருக்கிறாரா, இந்த வயதுப் பிள்ளைகளை முழு வேகத்தில் மோதவிடுகிறாரா என்று கவனியுங்கள். கராத்தேதான் வேண்டும் என்றும் இல்லை. நம் பக்கத்தில் சிலம்பம் சொல்லித்தரும் வாத்தியார்கள் இன்னும் இருக்கிறார்கள், நல்லவர்கள் காலடி சரியாக வரும்வரை கம்பைக் கையில் தரமாட்டார்கள். பையனுக்கு முதலில் அலுக்கும். ஜாக்கெட் காட்சியைப் பார்த்தவன்தானே, சொன்னால் புரிந்துகொள்வான்.

பழைய படத்தை அவனுக்கு மறுபடி காட்டுங்கள், ஆனால் முதலிலிருந்து வேண்டாம். மியாகி பட்டாளத்து உடையில் குடித்துக்கொண்டிருக்கும் காட்சியிலிருந்து போடுங்கள். அவர் அமெரிக்காவுக்காகப் போரில் சண்டை போட்டபோது, அவர் மனைவியும் பிறந்த குழந்தையும் அமெரிக்கா ஜப்பானியர்களை அடைத்துவைத்த முகாமில் இறந்துபோனதை டேனியல் அங்கேதான் தெரிந்துகொள்கிறான். மியாகியாக நடித்த பாட் மொரீட்டாவே சின்ன வயதில் அப்படிப்பட்ட முகாமில் இருந்தவர், இந்த வேடத்துக்காக ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. பையன் கேள்வி கேட்பான். 1942-லிருந்து ஏறத்தாழ 1,20,000 பேரை, அவர்களில் பெரும்பாலானவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே இருந்தும், அடைத்துவைத்தார்கள் என்பதை நீங்கள்தான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.