உணவுக்குழாய் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு: கேட்டவையும் என் பதில்களும்

புற்று வந்த குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையையே நீளக் குழாயாகத் தைத்து மேலே இழுத்து, மிச்சக் குழாயோடு இணைக்கிறோம். வார்டில் எங்கள் கவலையெல்லாம் அந்த இணைப்பின் மேல்தான்.

அப்பாவுக்கு இன்று ஐந்தாம் நாள். காய்ச்சல் இல்லை, நாடி மட்டும் 120. அதற்குப் போய் சி.டி. ஸ்கேனா?

எடுத்துவிடுங்கள். இணைப்பில் கசிவு இருந்தால் காய்ச்சலுக்கு முன்பே நாடி ஓடத் தொடங்கலாம். சிலருக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கும், மூச்சு வாங்கும், நேற்று பேப்பர் படித்தவர் இன்று சம்பந்தமில்லாமல் பேசுவார். துடிப்பை அடக்க மருந்து கொடுத்ததோடு விடக்கூடாது, காரணத்தைத் தேட வேண்டும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு, இறங்க வேண்டியது, மறுபடி ஏறினாலும் அப்படித்தான். சாயமருந்தைக் குடிக்கவைத்து சி.டி. எடுப்போம். அது சுத்தமாக வந்தும் ஆள் முகம் சரியில்லை என்றால், நான் எண்டோஸ்கோபியும் பார்த்துவிடுவேன். நிமோனியாவும் இதே மாதிரி வரும், அதற்கும் சி.டி. உதவும்.

கசிவு என்றால் திரும்பவும் ஆபரேஷனா?

எல்லோருக்கும் இல்லை. இணைப்பு கழுத்தில் இருந்தால் தையலைப் பிரித்துவிட்டு டிரஸ்ஸிங் செய்தாலே பல நேரம் மூடிக்கொள்ளும். நெஞ்சுக்குள் என்றால் சீழை வெளியே எடுத்து, கசிவை உள்ளிருந்து மூடும் ஸ்டென்ட் குழாய் அல்லது சீழை உறிஞ்சும் வேக்குவம் ஸ்பாஞ்ச் வைப்போம். மேலே இழுத்த இரைப்பையே கறுத்துப்போயிருந்தால்தான் உடனே தியேட்டர். கசிவு மூடும்வரை வாய்வழியாக ஒன்றும் கூடாது. சாப்பாடு சிறுகுடலில் போட்ட ட்யூப் வழியாகத்தான். தொண்டை காய்கிறதே என்று ஒரு அம்மா ரகசியமாக இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊட்டினார்; கொஞ்ச நேரத்தில் கழுத்துப் பஞ்சு நனைந்துவிட்டது.

ட்யூப் ஃபீட் ஆரம்பித்ததும், நெஞ்சிலிருந்து திரவம் வடியும் ட்ரெயின் பையில் பால் மாதிரி வருகிறது. சீழா?

அனேகமாக நிணநீர். குடலிலிருந்து கொழுப்பைக் கொண்டுபோகும் நாளம் நெஞ்சில் அடிபட்டிருக்கும். திரவத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பின் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். கொழுப்பில்லாத உணவுக்கு மாற்றினால் பலருக்கு நிற்கும். நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் விடாமல் வந்தால் அந்த நாளத்தைக் கட்டவேண்டி வரும்.

குரல் கம்மிவிட்டது. தண்ணீர் குடித்தால் இருமுகிறார்.

குரல்நாண் நரம்பு பாதித்திருக்கலாம். குரலைவிட இருமல்தான் பெரிய கவலை, தண்ணீர் நுரையீரலுக்குள் போகிறது. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்க்கும்வரை வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்.

மூன்று மாதம் ஆகிறது. இட்லி நெஞ்சில் நிற்கிறது. மறுபடி புற்றா?

இணைப்பு சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எண்டோஸ்கோபியில் பார்த்து, சந்தேகமிருந்தால் சதை எடுத்துச் சோதித்து, பலூனால் விரிப்பார்கள். ஒரே தடவையில் தீராது, சிலருக்கு நாலைந்து தடவை ஆகும்.

பாயசம் குடித்த அரை மணியில் வியர்த்து, படபடத்து, வயிற்றால் போனது.

டம்பிங். சர்க்கரை மடமடவென்று குடலில் இறங்குவதால் வருவது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை, தண்ணீர் சாப்பாட்டோடு வேண்டாம். அப்புறம், சாப்பிட்டதும் படுக்கக்கூடாது; இரவில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் இரண்டு செங்கல் வையுங்கள். பாயசம்? ஒரு ஸ்பூன், சாப்பாட்டுக்கு நடுவில்.